தாராவிக் கரும்பலகையில் ஓர் இரங்கல்

ஞாயிற்றுக்கிழமை காலை, திருநெல்வேலியிலிருந்து வந்து மும்பை தாதரில் இறங்கினேன். தாராவி வரை டாக்சிக்கு நூற்றிருபது ரூபாய். அண்ணன் இறந்த பிறகு அவன் வீட்டுக்கு இதுதான் என் முதல் பயணம். அவன் மகள் முத்துச்செல்வி ஐரோலியில், வெளிநாட்டு வங்கி ஒன்றின் வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை பார்க்கிறாள். அவளும் மதினியும் சாப்பிடுவது அந்தச் சம்பளத்தில்தான்.

மாலை ஐந்து மணிக்கு, தான் படிக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு என்னையும் இழுத்துப்போனாள். தோல் பட்டறைக்கு மேலே தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. இரும்பு ஏணியில் ஏற வேண்டும். கரும்பலகையில் இடப்பக்கம் ஆங்கில மரபுத்தொடர், வலப்பக்கம் தமிழில் பொருள். ஆசிரியர் படிக்க, எல்லோரும் கோரஸாகத் திருப்பிச் சொன்னார்கள். "பீஸ் ஆஃப் கேக்" என்றால் மிக எளிது. "அண்டர் த வெதர்" என்றால் உடம்பு சரியில்லை. மூன்றாவது வரியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"கிக் த பக்கெட்: இறைவனடி சேர்தல்."

கீழே வந்து அரை கிளாஸ் 'கட்டிங்' சாய் குடிக்கும்போது சொன்னேன். "அது இறைவனடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மண்டையைப் போட்டுட்டான்னு சொல்லுத மாதிரி, ஏட்டி."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ அத்தே! வெள்ளிக்கிழமை ஒரு கஸ்டமர்ட்ட அதைச் சொல்லிட்டேனே!"

லண்டனிலிருந்து ஒரு பெண், இறந்துபோன தன் அப்பாவின் கணக்கை மூட வேண்டும் என்று அழைத்திருக்கிறாள். இவளும் நல்ல இங்கிலீஷில் ஆறுதல் சொல்வதாக நினைத்து, "ஸாரி, யுவர் ஃபாதர் கிக்ட் த பக்கெட்" என்றிருக்கிறாள்.

"படக்குன்னு போனை வச்சிட்டாவ. கம்ப்ளெயின்ட் வந்திருக்குன்னு மேனேஜர் நாளைக்குப் பாக்கச் சொன்னார். எதுக்குன்னே தெரியாம இருந்தேன். வேலை போச்சு, அத்தே."

அப்பனைப் பறிகொடுத்த ஒருத்தியிடம், அப்பனைப் பறிகொடுத்த இன்னொருத்தி சொல்லுகிற சொல்லா இது!

திங்கட்கிழமை பகல் ஒரு மணிக்குச் சயானில் ரயிலேறி, தானேயில் மாறி ஐரோலி போனோம். நெரிசலில் கம்பியைப் பிடித்தபடி, மன்னிப்புக் கேட்க அழகழகான ஆங்கில வாக்கியங்களாகச் சொல்லிக்கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் காத்திருந்தேன். ஐந்து மணிக்கு ஓடிவந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"அந்த லண்டன் அம்மாட்ட நானே பேசுதேன்னு மேனேஜர்ட்ட கெஞ்சினேன். பக்கத்துலயே நின்னார். நீங்க சொல்லித்தந்தது ஒண்ணும் வாயில வரல. 'மை ஃபாதர் டைடு டூ'ன்னேன், அழுதுட்டேன். எங்கப்பா பேரு என்னன்னு கேட்டாவ. பரமசிவம்னேன். அவங்கப்பா பேரைச் சொன்னாவ. பொறவு அந்தக் கணக்கை மூடிக் குடுத்தேன்."

"வேலை?"

"சீட்டுல போய் உக்காருன்னுட்டார். பிரேக் பத்து நிமிஷந்தான், போறேன் அத்தே."

புதன்கிழமை ஊருக்குத் திரும்பும் ரயிலில், எதிர் இருக்கையில் இருந்த பெண் கேட்டாள். "மும்பையில உங்களுக்கு யாரு இருக்காங்க?"

ஊரில் அண்ணனுக்கு வைத்த ஃபிளெக்ஸ் போர்டில் "இறைவனடி சேர்ந்தார்" என்று போடச் சொன்னது நான்தான். யார் கேட்டாலும் "தவறிட்டாங்க" என்பேன். அதற்குமேல் பேச்சை வளர்க்க மாட்டேன்.

"எங்க அண்ணன் இருந்தான். செத்துப்போனான்" என்றேன்.

என் வாயிலிருந்து அது வந்ததைக் கேட்டு நானே அதிர்ந்துபோனேன். கல்யாண் ஸ்டேஷன் வருவதற்குள் அழுகை வந்துவிட்டது.