வளைவில்லாத லென்ஸ்

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் அவரை லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் பத்தொன்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்தவர். தோள்பட்டை மக்கர் செய்ய ஆரம்பித்ததும், கண்ணாடித் தகடுகளைக் கழுவிப் பூச்சுப் பூசும் வேலைக்கு இங்கே வந்து சேர்ந்தார்.

"இந்தத் தட்டைத் தகட்டையே லென்ஸ் ஆக்கப்போறோம்க்கா" என்றார் ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா, முதல் நாளே.

"வளைவே இல்லாமலா? காதுல பூ சுத்தாதீங்கம்மா."

டாக்டரம்மா விளக்கினார். தகட்டின் மேல் ஒரு சாயத்தை, தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்குப் பூச வேண்டும். ஒரே திசையில் மட்டும் அதிரும்படி வடிகட்டிய ஒளி பட்டால், சாயத்தின் மூலக்கூறுகள் அதற்குக் குறுக்காகத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். இடத்துக்கு இடம் ஒளியின் திசையை மாற்றினால் அவை படுக்கிற திசையும் மாறும். மேலே ஊற்றும் திரவப் படிகம், டிவித் திரைகளில் இருக்கிற அந்த வகைப் பொருள், அதே ஒழுங்கில் அடங்கும். அந்த ஒழுங்குதான் ஒளியை வளைக்கிற லென்ஸ்.

பஸ் ஓட்டுகிற கணவரிடம் அக்கா இதைச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உள்ளே தள்ளிப் போங்கன்னு தொண்டை கிழியக் கத்துறேன், நாப்பது பேர் அசைய மாட்டேங்கிறாங்க. வெளிச்சம் சொன்னா கோடிக்கணக்குல கேக்குதாமா?"

ஆனால் மூன்று வாரமாக ஒரு தகடும் தேறவில்லை. டாக்டரம்மா சாயத்தைச் சந்தேகப்பட்டார், விளக்கைச் சந்தேகப்பட்டார். ஒரு மத்தியானம், கெட்டுப்போன தகடு ஒன்றை ஒளியை வடிகட்டும் இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து அக்காவிடம் நீட்டினார். வெறும் கண்ணுக்குத் தண்ணீர் போலிருந்த தகட்டில், ஒளி வரைந்த ஒழுங்கு வட்டவட்டமான வளையங்களாகத் தெரிந்தது. அவற்றின் குறுக்கே சாய்வாக, மயிரிழைக் கோடுகள்.

அக்கா இடதுகையை அந்தக் கோடுகளோடு சேர்த்துச் சாய்த்துப் பார்த்தார். அவர் இடதுகைக்காரர், அந்தச் சாய்வு அவருடைய கைச்சாய்வு. பூச்சு காய்ந்ததும், தூசி இருக்குமோ என்று மெத்தென்ற துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் தகட்டைக் கொடுப்பார். கடைப் பழக்கம்.

மென்று விழுங்காமல் சொல்லிவிட்டார். "நான்தாம்மா. துணியால துடைச்சேன்."

டாக்டரம்மா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். கோபமில்லை. "தேய்ச்சாலும் அந்தச் சாயம் திரும்பும்க்கா. ஒளி சொன்னதை விட்டுட்டு, நீங்க இழுத்த பக்கம் திரும்பியிருக்கு."

அக்கா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு லேசான தொடுதலுக்கா?

துணி அன்றே வீட்டுக்குப் போய்விட்டது. தூசியைக் காற்று ஊதி மட்டும் விரட்டினார். நாலாவது நாள் புதுத் தகட்டைத் தாங்கியில் நிறுத்தி, அதன் வழியே லேசர் ஒளியை விட்டார்கள். சுவரில் பரந்து கிடந்த சிவப்பு வட்டம் கடுகளவு புள்ளியாகச் சுருங்கியது. அக்கா தகட்டைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். சுத்தத் தட்டை.

"இப்பப் பாருங்க." டாக்டரம்மா லேசருக்கு முன்னால் இருந்த சின்ன வளையத்தைத் திருப்பி, ஒளி திருகு போலச் சுழன்று வரும் திசையை எதிர்ப்பக்கமாக மாற்றினார். புள்ளி விரிந்து சுவரையே நிறைத்தது.

குவிக்க ஒன்று, விரிக்க ஒன்று என்று காலமெல்லாம் தனித்தனியாகத் தேய்த்தவர் அவர். இங்கே இரண்டும் ஒரே கண்ணாடி.

"இன்னொரு தடவை திருப்புங்கம்மா" என்றார்.

டாக்டரம்மா விலகி நின்று, வளையத்தைத் திருப்புவதை அக்காவின் கையிலேயே விட்டுவிட்டார்.