கவிழ்ந்து கிடந்த இரும்புச் சட்டி

‘அவனுடைய எசமானுக்கே நானும் அடிமையாகிவிட்டால் போதும். அதன்பிறகு எங்களை யார் பிரிப்பார்கள்?’

புகையிலைக் காட்டு வழியே நடக்கும்போது என் மனம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால், அது எவ்வளவு அவமானமான ஆசை என்று என் காதுக்கே கேட்டுவிடும்.

அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. நான் குடித்திருக்கவும் இல்லை. நம்பாதவர்கள் என் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் டெல்ஃபி. வர்ஜீனியாவில் துணி தைத்துப் பிழைத்தவள். என் எசமானியம்மா சாகும்போது எனக்கு விடுதலை எழுதி வைத்துவிட்டுப் போனாள். ஆனால் விடுதலையான கறுப்பர் ஒரு வருடத்துக்குள் மாநிலத்தை விட்டுப் போய்விட வேண்டும். போகாவிட்டால் பிடித்து ஏலம் போடுவார்கள். இங்கேயே இருக்க ஆசையா? அதற்கும் புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. ஒரு எசமானைத் தேர்ந்தெடுத்து, நீதிபதி முன்னால் நின்று, மறுபடி அடிமையாகிக்கொள்ளலாம்.

ஐஷம், ஹார்கிரேவ் துரையின் அடிமை. அவனால் போக முடியாது. என்னால் இருக்க முடியாது. என் வருடம் முடிய ஒரு வாரம்தான் மிச்சம்.

காட்டோரத்தில் ஆளில்லாத ஒரு மரக்குடிசையில்தான் நாங்கள் சந்திப்போம். ஐஷம் வரும்போது இரும்புச் சட்டி ஒன்றைத் தூக்கிவருவான். வாசலில் அதைக் கவிழ்த்து, விளிம்புக்குக் கீழே ஒரு குச்சியைக் கொடுப்போம். பேச்செல்லாம் சட்டிக்குள் போய்விடும்; எசமானின் சீட்டில்லாமல் வெளியே வரும் அடிமைகளைப் பிடிக்கும் ரோந்துக்காரர்களுக்குக் கேட்காது. எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். பேசியவர்கள் போகும்வரை சட்டியைத் தூக்கக் கூடாது. அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

ஹார்கிரேவ் தோட்டத்து மணி அடித்து ஓய்ந்தபோது குடிசைக்குள் நுழைந்தேன். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது.

வாசலில் சட்டி கவிழ்ந்திருந்தது.

வந்துவிட்டான் என்று மனம் குளிர்ந்தது. “ஐஷம்?” என்றேன். பதில் இல்லை. மூலையில் இல்லை. கதவுக்குப் பின்னாலும் இல்லை.

சட்டிக்குக் கீழே குச்சி இல்லை. விளிம்பு தரையோடு தரையாக அழுந்திக் கிடந்தது. அவன் இப்படி வைக்க மாட்டானே...

குனிந்தேன். உள்ளே ஏதோ மூச்சு வாங்கியது. எலியாக இருக்கும் என்று நினைத்தேன். குச்சி வைப்பதற்காக விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன்.

சுட்டது. அடுப்பே இல்லாத குடிசையில் அந்த இரும்பு கொதித்தது. கையை எடுக்க முடியவில்லை. ஒட்டிக்கொண்டது.

சட்... 

சவுக்குச் சத்தம். பிறகு ஒரு ஆணின் சிரிப்பு.

சட்... சட்...

“நானா வந்தவ ஐயா...” ஒரு பெண்ணின் குரல். சட்டிக்குள்ளிருந்து. “நானா... வந்தவ...”

சட்...

பிறகு அவள் அலறினாள்.

கையை இழுத்தேன். தோல் உரிந்தது.

சட்டி விழுந்தது.

அமைதி.

“ஏ புள்ள!” ஐஷம் மூச்சிரைக்க ஓடிவந்தான். “ஊரையே கூட்டிட்டியே! ஓடைக்கு அந்தாண்ட வரைக்கும் கேட்டுச்சு!”

“நான் கத்தல.”

“பின்ன நானா கத்தினேன்?”

“நீ வச்ச சட்டிதான்... அதுக்குள்ள...”

“எந்தச் சட்டி?” அவன் முகம் மாறியது. “சட்டி இதோ எங்கிட்ட இருக்கு.”

அவன் அக்குளில் இருந்தது சட்டி. வாசலைப் பார்த்தேன். வெறும் தரை.

அதற்குள் குதிரைகள் வந்துவிட்டன. நான்கு ரோந்துக்காரர்கள்.

“பொம்பளச் சத்தம் கேட்டுச்சேன்னு வந்தோம். மாப்பிள்ளை மாட்டிக்கிட்டாரு!” என்றான் சிவப்புத் தாடிக்காரன். “சீட்டு எங்கடா?”

“இருக்குங்க ஐயா.”

“இது ஞாயித்துக்கிழமைக்குக் குடுத்தது. இன்னிக்கு என்ன, உனக்காகத் தனியா ஒரு ஞாயிறா?”

ஐஷமின் சட்டையைக் கிழித்து மரத்தோடு கட்டினார்கள். என் கையில் விளக்கைக் கொடுத்தார்கள்.

“உசத்திப் பிடிடி. வெளிச்சம் ஆடினா அவனுக்குத்தான் கூடுதல்.”

பிடித்தேன். உரிந்த கையால் பிடித்தேன். முதுகு பிளந்தது. ரத்தம் என் பாவாடையில் தெறித்தது. ஆடாமல் நின்றேன். அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இருந்த இடைவெளி. தாடிக்காரனின் சிரிப்பு. இரண்டையும் நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன்.

மறுநாள் அடிமைக் குடியிருப்பில் ஐஷம் குப்புறக் கிடந்தான். சலவைக்காரி வினி அவன் முதுகில் பன்றிக்கொழுப்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“போயிடாத புள்ள,” என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே. “துரைகிட்ட சம்மதம் சொல்லிடு. ஒரே கூரைக்குக் கீழ இருந்துடலாம்.”

நான் உரிந்த கையை மடியில் மறைத்துக்கொண்டேன். வினிதான் கேட்டாள்: “எங்கதான் சந்திச்சீங்க?”

சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

“கூறு கெட்டவங்களா! அங்கயா போனீங்க? இவனாவது போன வருஷம் வாங்கி வந்த பய, தெரியாது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா நீ?”

“என்ன அங்க?”

“கெசாயா. உன்ன மாதிரி விடுதலையானவ. புருஷனை விட்டுப் போக மனசில்லாம, அப்ப இந்தச் சட்டம் இல்லன்னாலும் சட்டசபைக்கே மனுப் போட்டு இந்தத் துரைகிட்டயே அடிமையானா. அறுப்பு முடிஞ்சதும் அவனைத் தெக்க வித்துட்டாங்க. வண்டிக்குப் பின்னாடியே ஓடினா. ரோந்துக்காரனுங்க பிடிச்சுட்டு வந்து அந்தக் குடிசையில வச்சுத்தான் அடிச்சானுங்க. சாகிற வரைக்கும் ஒரே பேச்சு. நானா வந்தவ ஐயா, நானா வந்தவ... அதைக் கேட்டுத்தான் அவனுங்க சிரிச்சானுங்க.”

“அவ சட்டி?”

“நான்தான் சம்மட்டியால உடைச்சு, அவளைப் பொதைச்ச குழிமேல வச்சேன். செத்தவங்க புழங்கினதை முழுசா விட்டா, தேடிக்கிட்டு வந்துடுவாங்களே. ஆச்சு, பத்து வருஷம்.”

அன்றே அந்தக் குழியைத் தேடிப்போனேன். நல்ல வெயில். சட்டித் துண்டுகள் மண்ணில் பாதி புதைந்து, பாசி பிடித்துக் கிடந்தன. பல வருடமாக யாரும் அவற்றைத் தொடவில்லை.

விளிம்புத் துண்டு ஒன்றில் ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது. குனிந்து பார்த்தேன். தோல். என் கையை அருகில் நீட்டினேன்.

காயத்தின் வடிவமும் அதன் வடிவமும் ஒன்று.

திங்கள்கிழமை, துரை ஏற்பாடு செய்திருந்தபடி, நீதிமன்றத்தில் நின்றேன். ஹார்கிரேவ் துரை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஐஷம் அவருடைய குதிரையைப் பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்த முடியாமல் நின்றான். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குள் ஒருத்தி அந்த ஜன்னலை நோக்கி ஓடினாள். இன்னொருத்தி அசையாமல் நின்றாள். இருவரும் நானே.

“இவரை உன் எசமானா ஏத்துக்க உனக்குச் சம்மதமா?” என்றார் நீதிபதி.

“சொல்லு டெல்ஃபி,” என்றார் துரை, கனிவாகத்தான். “அவன் பாவம், காத்துக்கிட்டு நிக்கிறான் பாரு.”

பார்த்தேன். நன்றாக, கடைசியாக, பார்த்தேன்.

“இல்லீங்க ஐயா,” என்றேன்.

“காதுல விழல. உரக்கச் சொல்லு.”

குரலை உயர்த்தாமல் மறுபடியும் சொன்னேன்.