அப்பாதான் சொல்லிக் கொடுத்தார்

பத்து வருடங்களுக்கு முன்பு, நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, ராயபுரத்தில் எங்கள் பெண்கள் பள்ளியின் மைதானத்தில் நடந்தது இது. இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால், நீ செய்தது சரியா தப்பா என்று கேட்பார்கள். எனக்கே அது தெரியாது.

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலோரக் குப்பத்தில். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். தங்கலுக்குப் போனால் ஒரு வாரம், பத்து நாள் கடலிலேயே இருந்துவிட்டு வருவார். அம்மா மீன் விற்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அதில் எனக்கு அப்போதே கொஞ்சம் கர்வம் உண்டு. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் பஸ்ஸில் ஊர்ந்து ராயபுரம் வரை படிக்கப் போவதே பெரிய சாதனை என்று நினைத்துக்கொள்வேன். காலையில் அம்மாவோடு உட்கார்ந்து மீன் கழுவி வெட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன் என்பது மட்டும் பள்ளியில் யாருக்கும் தெரியக் கூடாது. எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்துத் தேய்த்துக் கையைக் கழுவுவேன். ஆறாம் வகுப்பில் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாடி, மீன் மார்க்கெட்டே வந்துகீது?" என்று கேட்டதையும், சுற்றியிருந்தவர்கள் சிரித்ததையும் நான் மறக்கவே இல்லை.

ஏழாம் வகுப்பில் பள்ளி பேண்டில் சேர்ந்தேன். சைடு டிரம் கொடுத்தார்கள். வீட்டில் டிரம் ஏது? அம்மா மீன் வைத்து விற்கும் அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு குச்சிகளால் பழகினேன். "அத்த ஓட்ட பண்ணாம வுட மாட்டியாடி?" என்று அம்மா கத்துவார். கூடையில் எனக்கு எல்லாம் நன்றாக வந்தது. பள்ளியில் வரவில்லை. ஏனென்று வெகுநாள் எனக்குப் புரியவில்லை. கூடையின் அடி சமதளம். சைடு டிரம்மோ தோளில் மாட்டிய பட்டையில், இடது தொடைமேல் சாய்ந்து தொங்கும். இடது பக்கம் உயர்ந்தும் வலது பக்கம் தாழ்ந்தும் இருக்கும். "ரெண்டு உள்ளங்கையும் தரையைப் பாக்கணும்" என்பது எங்கள் பேண்டு மிஸ் சொன்ன விதி. அவர் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். அப்படிப் பிடித்தால் என் இடது குச்சி மட்டும் தோலில் படாமல் விளிம்பிலேயே போய் டக் டக் என்று இடிக்கும். அதனால் என்னை இரண்டாம் வரிசையின் கடைசியில் நிறுத்தியிருந்தார்.

முன் வரிசையின் நடுவில் நின்றவள் என் வகுப்புத் தோழி. அணிவகுப்பு அவள் அடிக்கும் முதல் உருட்டலில்தான் தொடங்கும். சாப்பாட்டு நேரத்தில்கூட பெஞ்சில் ஸ்கேலால் தட்டிக்கொண்டிருப்பாள். அந்த இடம் அவளுக்குத் தகும். ஆனாலும் எனக்கு அது வேண்டும் என்று இருந்தது.

அந்த வருடம் பள்ளிகளுக்கு இடையே பேண்டு போட்டி. முதல் சுற்றுக்கு நடுவர் எங்கள் பள்ளிக்கே வருவதாக இருந்தது. அவர் வருவதற்கு முதல் நாள் காலையில் கெளுத்தி மீன் வெட்டும்போது அதன் முள் என் இடது உள்ளங்கையில் ஏறிவிட்டது. கெளுத்தி முள் குத்தினால் கடுப்பு தோள் வரை ஏறும். அம்மா சுடுதண்ணீரில் கையை முக்கிப் பிடித்துக்கொண்டார். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கட்டும் போட்டார்கள். மறுநாள் அந்தக் கட்டைப் பார்த்தால் மிஸ் என்னை நிறுத்திவிடுவார், எப்படி ஆனது என்றும் கேட்பார். பஸ்ஸிலேயே அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

குச்சியை வழக்கம்போலப் பிடித்தால் அதன் அடி நேராகப் புண்ணில் குத்தியது. வலி தாங்காமல் கையைத் திருப்பி உள்ளங்கையை மேலே பார்க்க வைத்தேன். குச்சியைக் கட்டை விரலின் இடுக்கில் செருகி, மோதிர விரல்மேல் கிடத்தினேன். அப்படிப் பிடித்தால் புண்ணில் எதுவும் படவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், குச்சி விளிம்பிலும் இடிக்கவில்லை. ஒரு வருடமாக வராத இடது கை அன்று வந்தது.

நடுவர் வயதானவர். ராணுவ பேண்டில் வாசித்து ஓய்வு பெற்றவர் என்றார்கள். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் என்னிடம் நின்றுவிட்டார். குனிந்து என் இடது கையைப் பார்த்தார். சாய்ந்து தொங்கும் டிரம்முக்கு இதுதான் பழைய முறைப் பிடி என்றும், இப்போது பள்ளிப் பிள்ளைகளிடம் இதைப் பார்க்கவே முடியவில்லை என்றும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். பிறகு என்னிடம், "யாரும்மா சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார்.

மீன் முள் என்று சொல்லியிருக்க வேண்டும். மொத்த பேண்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கைப் பொத்தியவளும் அதில் இருந்தாள்.

"எங்க அப்பா சார்" என்றேன்.

வீட்டில் நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். பள்ளியில்தான் அப்பா. அந்தப் பொய்யைக்கூடப் பள்ளிக்கூடத் தமிழில்தான் சொன்னேன்.

நாங்கள் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானோம். அன்று மாலையே மிஸ் என்னை முன் வரிசையின் நடுவில் நிறுத்தி, தோழியைப் பின்னால் அனுப்பினார். அவள் தன் டிரம்மைத் தூக்கிக்கொண்டு நான் நின்ற கடைசி இடத்துக்குப் போனாள். ஆசைப்பட்ட இடம் கிடைத்தும் எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மிஸ் என் அம்மாவின் போனுக்குப் பேசி, அப்பாவை ஒருமுறை பள்ளிக்கு வரச் சொல்லிவிட்டார். எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. மிஸ் சொல்லவும் இல்லை. படகு இன்ஜின் வேலைக்காக நின்றிருந்ததால் அப்பா வீட்டில்தான் இருந்தார். வர வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "கூப்ட்டாங்கோ. போவாம கீறது மருவாதியா?" என்றார். காரணத்தை மட்டும் நான் சொல்லவே இல்லை.

கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்தார். நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்றே நினைத்திருந்தார் போல. மைதானத்தின் ஓரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வாங்க சார். உங்க பொண்ணு பிடிக்கிற பிடியப் பாத்து நடுவரே அசந்துட்டார். நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்களாமே? மத்தப் பிள்ளைங்களுக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றார் மிஸ்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமா டீச்சரம்மா. நான்தான் சொல்லிக் குட்த்தேன்" என்றார் அப்பா.

தோழியின் டிரம்மை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். குச்சி பிடித்திருந்த என் இடது கையை ஓரக்கண்ணால் பார்த்து, குச்சியை அப்படியே செருகிக்கொண்டார். படகில் புதிதாக ஒரு முடிச்சைப் பார்த்தால் அந்தக் கணமே கை பிடித்துக்கொள்ளும் ஆள் அவர். ஆனால் அடித்தது தாளமே இல்லை. யாரோ கதவைத் தட்டுவதுபோல இருந்தது. மாணவிகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அப்பாவே சிரித்துவிட்டார்.

"கையி பயக்கம் வுட்டுப் பூட்ச்சு. நீங்கோ அடிங்கோ, நான் பாக்கறேன்" என்று டிரம்மைத் தோழியிடமே கொடுத்தார். அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பிடித்தாள். அப்பா அவள் விரல்களைக் கொஞ்ச நேரம் கவனித்தார். "இறுக்காத கண்ணு. வல இஸ்க்கச் சொல்லோ இறுக்கிப் புட்சா கையி கியிஞ்சிடும். வுட்டு வுட்டுப் புடி."

அவள் அடித்தாள். இடது கை ஒலி வலது கைக்குச் சமமாக வந்தது. அது அப்பா சொன்னதாலா, அந்தப் பிடியாலா, அவளுடைய ஒரு வருடப் பயிற்சியாலா, எனக்குத் தெரியாது.

"அங்கிள், இப்போ கரெக்டா?"

"ஷோக்கா கீது!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. எனக்கும் எனக்கும் என்று டிரம் அடிக்கும் பன்னிரண்டு பெண்களும் கையை நீட்டினார்கள். அப்பா ஒவ்வொருவரிடமும் போனார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பெற்றோர் கூட்டத்தில் கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி நிற்பார். வீட்டில் நான் படிக்கும்போது டிவியை நிறுத்துவார். அவ்வளவுதான் என் படிப்பில் அவருடைய பங்கு. ஒரு கணக்கோ ஒரு எழுத்தோ, இது நான் சொல்லிக் கொடுத்தது என்று சொல்லிக்கொள்ள அவரிடம் ஒன்றுமே கிடையாது. அன்று கட்டிய கை எப்போது அவிழ்ந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை.

"நாளைக்கும் வருவீங்களா அங்கிள்?" என்று கேட்டாள் தோழி.

"தங்கலு போறவரிக்கும் டெய்லி வரேன் கண்ணு."

"போட்டி அன்னைக்கும் வந்துடுங்க சார். நடுவர் உங்களப் பாத்துப் பேசணும்னார்" என்றார் மிஸ்.

"வந்துட்டாப் போச்சு."

 அந்த நடுவர் முன்னால், அவ்வளவு பள்ளிகளின் முன்னால், அப்பா குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அடுத்த நொடி என் வாய் பேசிவிட்டது.

"மிஸ், எங்க அப்பாவுக்கு டிரம்மே தெரியாது. மீன் வெட்டறப்போ எனக்குக் கையில முள் குத்திடுச்சு. வலிக்குதுன்னுதான் அப்படிப் பிடிச்சேன்."

உள்ளங்கையையும் விரித்துக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. தோழி திருப்பிய தன் கையைப் பழையபடி கவிழ்த்துக்கொண்டாள். அவளைப் பார்த்து ஒவ்வொருவராக எல்லோரும் கவிழ்த்துக்கொண்டார்கள். அப்பா கையில் ஒரு ஜோடி குச்சி இருந்தது. அதை மிஸ்ஸின் நாற்காலிமேல் சத்தமில்லாமல் வைத்தார்.

"மன்ச்சிக்கோங்க டீச்சரம்மா. புள்ள மேல தப்பில்ல. நான்தான் சும்மானாச்சும் சொல்ட்டேன்" என்றார்.

கேட் வரை கூடவே போனேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

"நைனா, கோவமா?"

"கோவம் இன்னாத்துக்கு? நீ நெசத்ததான சொன்ன." கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இன்னும் கொஞ்ச நேரம் கயிச்சி சொல்லியிருக்கலாம். பசங்கோ நல்லா கேட்டுகினு இருந்துச்சுங்கோ."

மிஸ் என்னைத் தண்டிக்கவில்லை. தோழி மறுபடி நடுவுக்குப் போனாள், நான் கடைசிக்கு வந்தேன். புண் ஆறிய பிறகும் என் இடது கை பழையபடி கவிழ மறுத்தது. மிஸ்ஸும் அதை அப்படியே விட்டுவிட்டார். இறுதிச் சுற்றில் எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அன்று நடுவர் என்னிடம், "அப்பா வரலையாம்மா?" என்று கேட்டார். "கடலுக்குப் போயிருக்கார் சார்" என்றேன். அது உண்மைதான். ஆனாலும் பொய் சொல்வதுபோலவே இருந்தது.

இன்று நான் பட்டம் முடித்து, துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அப்பா அந்த நாளைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. உண்மை பேசியவள் என்று என்னால் மார்தட்டிக்கொள்ள முடியாது, பயந்துதான் பேசினேன். மகளுக்குச் சொல்லிக் கொடுத்தவராக அப்பா நின்ற அந்தக் கால் மணி நேரத்தைப் பொய்யால் அவருக்குக் கொடுத்தவளும் நான்தான், உண்மையால் பிடுங்கிக்கொண்டவளும் நான்தான். இதில் எதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.