அண்ணன் ஏற மறுத்த கார்

முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் அண்ணனோடு பழகியவர்களுக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் நம் குடும்பத்தில் இருக்கிறார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கடைசி வரை ஒரே வீட்டில் இருந்தவள் நான்தானே என்று சொல்லி, அண்ணன் மகன் பிரபா பேனாவைக் கையில் திணித்துவிட்டான். எதையாவது தப்பாக எழுதி யார் மனதையாவது நோகடித்துவிடுவேனோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது புசல்லாவைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். அப்பா நேரத்தோடு போய்விட்டதால் மீசை முளைக்கும் முன்பே கண்டிக்கு வந்து ஒரு கராஜில் சேர்ந்தார். பிறகு அம்மாவையும் என்னையும் தென்னக்கும்புரைக்குக் கூட்டி வந்தார். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அதற்காக அண்ணனோ, காலஞ்சென்ற அண்ணியோ என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

கராஜுக்கு வந்துபோன ஒரு தோட்டத் துரையின் கார் அது. இங்கிலாந்தில் செய்த பெரிய சலூன். துரைக்குப் பிறகு ஓட்ட ஆளில்லாமல் ஷெட்டில் மூடிக் கிடந்ததை அண்ணன் வாங்கினார். பாலாடை நிறப் பெயின்ட், சிவப்புத் தோல் இருக்கை, ஸ்டியரிங்குக்கு முன்னால் பளபளக்கும் மரப் பலகை, எல்லாம் வந்தபடியே இருந்தன. ஒரு ஆணியை மாற்றுவதென்றாலும் அக்குறணையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் நானாவிடம் போய், அதே ஆணி கிடைக்கும் வரை காத்திருப்பார்.

அந்தக் காரில் மணப்பெண்களை ஏற்றிப் போவதுதான் அவருக்குத் தொழிலாக இருந்தது. அதில் ஏறிப் போன பெண்கள் நன்றாக இருப்பார்கள் என்று கண்டியில் ஒரு பேச்சு உண்டு. கார் வெளியே போனால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. மழையா, டயர் சரியா என்று போன் போட்டபடியே இருப்பேன். "வீட்டுல ஒரு ஸ்பீட் மீட்டர் வச்சிருக்கேன், கார்ல உள்ளது ஓடாட்டியும் கவலயில்ல" என்று கல்யாண வீட்டாரிடம் சொல்லிச் சிரிப்பாராம்.

பெற்றோல் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற அந்த வருடம், மாத்தளையில் ஒரு கல்யாணத்துக்காக அண்ணன் கொஞ்சம் பெற்றோல் சேர்த்து வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, பக்கத்து வீட்டு சந்திராக்காவின் மூத்த மகள் கலாவுக்கு மூச்சிழுப்பு வந்தது. திரீவீல்காரர்கள் யாரிடமும் பெற்றோல் இல்லை. அம்புலன்ஸும் வரவில்லை. அண்ணன் ஒன்றும் யோசிக்காமல் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் காரை எடுத்தார். பெற்றோல் வரிசை ரோட்டை அடைத்திருந்ததால் ஊர்ந்துதான் போக முடிந்ததாம். கண்டி வாவிக்கரைக்கு வரும்போதே, தாயின் மடியில், பின் இருக்கையில், கலாவின் உயிர் போய்விட்டது. அதே இருக்கையில்தான் அவளை மணப்பெண்ணாகவும் அண்ணன் ஏற்றிப் போயிருந்தார்.

காருக்குள் கிடந்த அவளுடைய ஒற்றைச் செருப்பை அண்ணன்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். வந்ததும் மாத்தளைக்குப் போன் எடுத்தார். சொல்ல வேண்டாம் என்று நான் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை.

"இன்னைக்கு இந்தக் கார்ல ஒரு புள்ள போயிருச்சிங்க. சொல்லாம வந்து உங்க புள்ளய ஏத்த எனக்கு மனசு வராது."

அவர்கள் வேண்டாம் என்றார்கள். பிறகு விசாரித்து வந்தவர்களிடமும் அவரே முந்திக்கொண்டு சொன்னார். வருவது நின்றது. சாவு ஏறின கார் என்று பேராகிவிட்டது.

அப்போதுதான் பழைய கார்கள் சேர்க்கும் ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். அவரிடமும் அண்ணன் மறைக்கவில்லை. "அதுல யாரு செத்தா எனக்கென்ன, எஞ்சின் நம்பரும் சேசி நம்பரும் பொருந்தினாப் போதும்" என்றார் அந்த மனிதர். ஓட்டாமல் மண்டபத்தில் வைத்துப் பார்க்கப் போகிறாராம். நல்லதாகப் போயிற்று, கொடுத்துவிடுங்கள் என்று நானும் சொன்னேன். அண்ணன் அரை மனதாக இருந்தார்.

அந்த வாரமே சந்திராக்கா வந்தார். இளைய மகள் வாசுகிக்குக் கல்யாணம், கார் வேண்டும் என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, வேறு கார் பார்த்துத் தருகிறேன் என்றார்.

"இதுக்குக் கெட்ட பேரு வந்தது எங்களாலதானே. நாங்களே அத எடுத்துவிடுறோம். மூத்தது கடைசியா இருந்த எடத்துல இளையது உக்காந்து போகட்டும்."

அண்ணன் அன்றே கொழும்புக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து காரைத் துடைக்கிற துடைப்பு ஓயவில்லை.

கல்யாணத்துக்குக் கிட்டத்தில் ஒரு காலை, துடைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். பிரபா கார்ச் சாவியை எடுக்க ஓடினான். சாவி அண்ணனின் கைக்குள் இருந்தது. அவர் விரலை விரிக்கவில்லை.

"அதுல வேணாம்டா. இன்னொரு உசுரு அதுல போச்சின்னா வாசுகிய எப்பிடி ஏத்துற?"

நான் காலில் விழாத குறையாகக் கேட்டேன். "பாப்பா, பயப்படாத, ஆட்டோ வரும்" என்றார். ஆட்டோ வந்தது, ஆனால் பிந்தி வந்தது. அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் அண்ணன் எங்களை விட்டுப் போனார். கொஞ்சம் முந்தியிருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் பிரபாவிடம் சொன்னாராம். அந்தச் சொல் இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை. பல நாள் அந்தக் கார் நிற்கும் பக்கம் நான் திரும்பவில்லை.

கருமாதி முடிந்ததும், சாவு வீட்டிலிருந்து கல்யாணத்துக்குக் கார் அனுப்புவது சரியில்லை என்று சந்திராக்காவிடம் போய்ச் சொன்னேன். "தீட்டுத்தான் கழிஞ்சிருச்சே. நீங்களும் அதுலயே வாங்க" என்று முடித்துவிட்டார்.

அண்ணனைத் தாங்கி ஆட்டோவில் ஏற்றிய பக்கத்து வீட்டுத் தம்பிமார், ஆஸ்பத்திரியில் பிரபாவோடு நின்ற அக்குறணை நானா, பாடைத் தேரும் பந்தலும் போட்டவர்கள், அடுப்பு மூட்டாத எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தார், காடு வரை வந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும்.

கடைசியாக, வாசுகியின் கல்யாணத்தைப் பற்றி.

அன்று பிரபா ஓட்டினான், நான் முன்னால் இருந்தேன். வாவிக்கரை வந்ததும் என் உயிர் என்னிடம் இல்லை. திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பட்டுச் சேலையோடு அந்தச் சிவப்பு இருக்கையில் இருந்தவள், "என்ன அத்த, நான் இருக்கேனான்னு பாக்குறீங்களா?" என்று கேட்டாள்.

கோயில் வாசலில் பிரபா கதவைத் திறந்தான். வாசுகி இரண்டு காலையும் தரையில் ஊன்றி, தானாகவே இறங்கி நடந்தாள், அண்ணா.