மலர்க்கொடி அக்காவிடம் கொடுத்த அலுமினியத் துடுப்பு

மலர்க்கொடி அக்கா இறந்துவிட்டார். இன்று காலை, பூம்புகார் பக்கம் முகத்துவாரத்தில்.

"சொந்தக் கவனக்குறைவு" என்று அவர் வேலை பார்த்த போட் ஹவுஸின் ஃபேஸ்புக் பேஜில் போட்டிருக்கிறார்கள். பொய்... பச்சைப் பொய்.

அங்கே இரண்டு வருடம் ஆபீஸ் வேலை பார்த்தவன் நான். மீனவக் குடும்பத்து அக்கா அங்கே கயாக் கைடு; சுற்றுலா வருகிறவர்களைச் சின்னத் துடுப்புப் படகில் கூட்டிப்போகிற வேலை.

புதுசு என்றாலே பிடிக்காது அவருக்கு என்று இப்போது கதை கட்டுகிறார்கள். இரண்டு முனையும் தட்டையான ஃபைபர் துடுப்பு முதலில் வந்தபோது, ஒரு சுற்று போய்வந்து சிரித்தவர் அவர்.

"சூப்பர் சார்! எங்க மரத் துடுப்ப பக்கம் மாத்தி மாத்திப் போடணும். இதுல கை வலியே தெரியல."

அடுத்த சீசனில் மட்ட சரக்கு வந்தது. நடுவில் பட்டனை அழுத்தி இரண்டாகக் கழற்றும் அலுமினியக் குழாய். உப்புத் தண்ணீர் பட்டு ஒரே மாதத்தில் பட்டன் பிடிக்கவில்லை.

கழன்ற இரண்டு துண்டையும் அக்கா என் மேஜை மேல் போட்டார். "முகத்துவாரத்துல கழண்டா எங்க சார் போறது? நான் மரத்தையே எடுத்துக்கிறேன். ஒரே கட்டை, கழண்டு வர ஒண்ணுமில்ல."

முதலாளி விடவில்லை. "ஃபோட்டோவுல எல்லாம் ஒரே கலரா இருக்கணும். அந்த விறகுக் கட்டைய வெளிய போடுங்க."

"அப்ப இந்தக் கலர்த் துடுப்போட நீங்க ஒரு தடவ முகத்துவாரம் வரைக்கும் வாங்க" என்றார் அக்கா.

முதலாளி போகவில்லை. ஏன் போகிறார்? போட் ஹவுஸ் இருக்கிற இடமே புறம்போக்கு. ஊர் மீன் காயவைத்த மணலை வளைத்து வேலி போட்டவர். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்த வேலி மட்டும் அசையவில்லை.

இன்று ஒரு அப்பாவும் மகளும் போன கயாக்கை நீரோட்டம் கடல் பக்கம் இழுத்திருக்கிறது. அக்கா விரட்டிப் போய், அவர்களைக் கரைப் பக்கம் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர் திரும்பும்போது...

கரையில் நின்ற இன்னொரு கைடு போனில் அழுதான். "பாதித் துடுப்ப வச்சு இழுத்துப் பாத்தாங்கண்ணே. அலை கவுத்து, கருங்கல்லுல அடிச்சிடுச்சு."

அப்பாவும் மகளும் பிழைத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லணும். "துடுப்புகள் நல்ல நிலையில் உள்ளன" என்ற சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். வேலை போய்விடுமே என்ற பயம். போன மாதம் அந்த வேலையையும் விட்டுவிட்டேன். த்தூ.

அந்தத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. நாளை ஸ்டேஷனில் கொடுக்கிறேன். என் பெயரும் அதில் இருக்கிறது, இருக்கட்டும்.

அக்கா... காலையில் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உள்ளே விடாவிட்டால் தெருவிலேயே நிற்கிறேன்.