போகாத ஊர்களின் போட்டோக்காரர்

பாஸ்போர்ட் படத்துக்கு வந்து உட்கார்ந்தவர், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "கோதண்டம் போயிட்டாருங்க. உறையூர்ல நேத்தே எடுத்துட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவர் முகத்தை நேராக வைக்கச் சொல்லிவிட்டுப் படத்தை எடுத்தேன். பதினோரு வருடம் ஒரே ஸ்டூடியோவில் கோதண்டத்தோடு வேலை பார்த்தவன் நான். அதில் ஒரு நாள்கூட அவர் தொழிலை நான் மதித்ததில்லை.

சென்ற வாரம் தெப்பக்குளத்தருகே இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். கோதண்டம் காசி முதல் காஷ்மீர் வரை சுற்றிப் படமெடுத்த கலைஞர் என்று ஒருவர் முழங்கினார். இரங்கல் கூட்டத்தில் கைதட்டினார்கள். ஒரே ஒரு பயணம் தவிர, கோதண்டம் தஞ்சாவூரைத் தாண்டாதவர் என்பது அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும். ரயில் நகர்ந்தால் அவருக்குக் குமட்டும். அவர் பார்த்த காஷ்மீர் எல்லாம் துணிக்கடைக் காலண்டரில் பார்த்ததுதான்.

அவர் செய்ததைப் பெரிய வித்தை என்கிறார்கள். கறுப்புத் துணிக்கு முன்னால் ஆளை உட்காரவைத்து ஒரு முறை எடுப்பார். பிறகு கேமராவுக்குள் இருக்கும் அதே கண்ணாடி பிளேட்டில், சுவரில் குத்திவைத்த ஊர்ப் படத்தை இன்னொரு முறை எடுப்பார். கழுவினால் முகத்தைச் சுற்றித் தாஜ்மகாலோ பனிமலையோ புகைபோல எழும்பி நிற்கும். திருச்சியில் பாதிப் பேர் இதற்காக வரிசையில் நின்றார்கள். நான் எடுத்த ஒழுங்கான படங்களை அரைக் கண்ணால்கூடப் பார்க்கமாட்டார்கள்.

ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ஒரு சமஸ்கிருத வாத்தியார் வந்தார். பத்ரிநாத்தைக் கேட்பார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "லண்டன் பார்க்கணும்னு சின்ன வயசுலேருந்து ஒரு சபலம். சமுத்திரம் தாண்டப்படாதுன்னுட்டார் தோப்பனார். அடியேனை அங்கே நிறுத்திடுங்கோ. ஆத்துல தெரியப்படாது" என்றார். கோதண்டம் நிறுத்தினார். லண்டன் மணிக்கூண்டின் உச்சியில் வாத்தியாரின் குடுமி கொடி கட்டியதுபோல நின்றது. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

"சிரிக்காதய்யா," என்றார் கோதண்டம். "முகம் எல்லாருக்கும் இருக்கு. போகாத ஊருதான் ஆளுக்கு ஆள் வேற. உனக்கு எந்த ஊரு?"

"எனக்கு எதுவும் வேண்டாம்."

"அப்ப உன்னைப் படமெடுக்கறது கஷ்டம்."

இது போன்ற வசனங்களுக்கு அவரிடம் குறைவே இல்லை. படத்தோடு விட்டாலும் பரவாயில்லை. போகாத ஊரைப் பற்றிப் பேசவும் செய்வார். காஷ்மீரில் மூச்சுக்காற்று வெளியே வந்ததும் உறைந்துவிடும் என்பார். கேட்பவர் போர்வையைத் தேடுவார். எனக்கு அருவருப்பாக இருக்கும்.

அந்தப் பேச்சுதான் ஒருநாள் வினையாயிற்று. பாலக்கரையிலிருந்து ஜைனம்பு என்ற பெண் தன் ஆறு வயது மகளோடு வந்தாள். கணவர் பினாங்கில் கடை வைத்திருந்தார். மகள் பிறந்த வருடம் போனவர் திரும்பவில்லை. அவர் எப்போதோ அனுப்பிய தபால் அட்டையில் அந்தக் கடைவீதியின் படம் இருந்தது.

"எங்க ரெண்டு பேரையும் இந்தத் தெருவுல நிக்கவைங்கண்ணே. நாங்க அங்க இருந்தா எப்படி இருக்கும்னு அவங்க பாக்கட்டும்."

"அம்மா, இது பொய்ப் படம்" என்றேன் நான். கோதண்டம் என்னை முறைத்தார்.

"நீ அவன் பேச்சக் கேக்காதம்மா. இந்தப் படம் போய்ச் சேரட்டும். அடுத்த கப்பலுக்கே டிக்கெட் வரும். பினாங்கு எனக்கு நல்லாத் தெரியும். அங்க இருக்கறவங்க இளகின மனசுக்காரங்க."

ஜைனம்பு நம்பினாள். தகரப் பெட்டியில் துணிமணிகளை அடுக்கிவைத்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

நாலு மாதம் கழித்து வந்து, மேஜைமேல் ஒரு உறையை வைத்தாள். உள்ளே அதே படம் திரும்பி வந்திருந்தது. கூடவே இரண்டு வரிகள்: 'இனிமேல் இப்படிப் படமெடுத்து அனுப்பாதே. இங்கே பார்ப்பவர்கள் யாரென்று கேட்கிறார்கள்.'

கேட்டது அங்கே அவருக்கு வாய்த்த இன்னொரு மனைவி என்று மூன்று பேருக்கும் புரிந்தது. சொன்னேனே என்று என் நெஞ்சு நிமிர்ந்தது. வெட்கமில்லாமல் இதையும் எழுதுகிறேன்.

"பினாங்கு தெரியும்னு சொன்னீங்களேண்ணே. பொய்யா?" என்று கேட்டாள்.

கோதண்டம் மழுப்புவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து நின்றார்.

"ஆமாம்மா. பொய்தான். நான் பினாங்கும் பாத்ததில்ல, கடலையும் பாத்ததில்ல. படம் நல்லா வந்துதேங்கற பெருமையில வாய்க்கு வந்ததச் சொன்னேன். தப்பு என் மேல."

அவள் அழவில்லை. மேஜையிலிருந்து உறையை எடுத்துக்கொண்டு, "நானும்தான் கடலப் பாத்ததில்ல" என்றாள்.

கடலைப் பார்க்க அடுத்த வாரம் நாகூர் தர்காவுக்குப் போவதாக ஏற்பாடாயிற்று. ஜைனம்பு, அவள் உம்மா, மகள், கோதண்டம், அவர் மனைவி. கேமராவைத் தூக்க ஆள் வேண்டுமென்று என்னையும் இழுத்துக்கொண்டார்கள். தஞ்சாவூர் தாண்டியதும் கோதண்டம் ஜன்னலில் தலையை நீட்டினவர் நாகப்பட்டினம் வரை உள்ளே இழுக்கவில்லை. காசி முதல் காஷ்மீர் வரை சுற்றிய கலைஞரின் பிடரியில் அவர் மனைவி எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தர்காவில் ஓதிவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். கரைக்கு வராமல் தொலைவில் ஒரு கப்பல் நின்றது. "அதுதான் பினாங்கு போறதா?" என்று சிறுமி கேட்டாள். கோதண்டத்துக்குத் தெரியவில்லை. "தெரியாதும்மா" என்றார். அலை வந்ததும் பயந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஜைனம்பு மகளைத் தூக்கிக்கொண்டு முழங்கால் நனைய நின்றாள். அவர் ஒரே ஒரு முறை எடுத்தார். படம் சற்றுச் சாய்ந்து வந்தது.

வாங்கிப் பார்த்துவிட்டு ஜைனம்பு சொன்னாள்: "இது எனக்கு. யாருக்கும் அனுப்பமாட்டேன்."

இதனால் கோதண்டம் திருந்திவிட்டார் என்று எண்ணவேண்டாம். மறுநாளே ஒரு ரயில்வே குமாஸ்தாவைப் பனிமலைமேல் உட்காரவைத்தார். ஆனால் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், "தெரியாதுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அவர் எடுத்த படம் ஒன்றுகூட என் வீட்டில் இல்லை. வேண்டியதும் இல்லை. அந்தக் கலையைப் பற்றிய என் எண்ணம் அவர் செத்ததால் மாறவும் இல்லை. ஆனால் நான் பொய்ப் படம் என்று சரியாகச் சொன்னவன். சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். தப்பு என் மேல என்று ஒரு மனிதர் எழுந்து நின்று சொல்வதை என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். கோதண்டத்திடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அது ஒன்றைத்தான். இன்னும் எனக்கு அது சொல்ல வரவில்லை.