மூன்றாம் கவுண்டர் குசுமா அக்கா

குசுமா அக்கா இறந்துவிட்டார். நேற்று காலை, பதுளை ஆஸ்பத்திரியில்.

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில்தான் பார்த்தேன். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அதற்கும் கீழே, இந்த வார "வாடிக்கையாளர் திருப்தி" படிவங்களை அனுப்பாதவர்களின் பட்டியல். என் பெயரும் இருந்தது.

பிறப்புச் சான்றிதழ், பெயர்த் திருத்தம் என்று மாவட்டமே வந்து நிற்கிற ஆபீஸ் எங்களுடையது. பதினொரு வருடம் அவர் மூன்றாம் கவுண்டர், நான் நான்காம் கவுண்டர்.

அவர் ஹாலிஎலக்காரர், சிங்களவர். என்னை நங்கி, தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வரிசையில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எந்தக் கவுண்டருக்கு வந்தாலும் எனக்குத்தான் சத்தம் வரும். என் வேலையைப் போட்டுவிட்டு மொழிபெயர்க்க ஓட வேண்டும்.

ஒருநாள், "எனக்கு முடியல அக்கா, வாயே வலிக்குது" என்றேன். மறுநாள் ஒரு கொப்பியோடு வந்தார். வரிசையில் நிற்பவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, சிங்கள எழுத்தில் எழுதிக்கொள்வார்.

அப்படிப் படித்த தமிழ்... ஒரு தாய் பிள்ளையைக் கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு, எழுபது வயதுப் பெரியவரைப் பார்த்து "வாடா, இங்க வாடா" என்றார். வரிசையே திரும்பிப் பார்த்தது.

பெரியவர் சிரித்துக்கொண்டே, "இந்தா வாரேம்மா" என்று வந்தார். அர்த்தத்தை நான் சொன்னதும் அக்கா எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார்.

இன்னொன்று. பூனாகலையில் இருந்து ஒரு அம்மா. மகளுக்கு நர்சிங் ட்ரெய்னிங் கிடைத்திருக்கிறது, சான்றிதழில் அப்பா பெயர் தப்பு. என் கவுண்டருக்கு மூன்று தடவை வந்தவர். மூன்று தடவையும், தோட்டத்து ஆபீசில் கடிதம் வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். விதி அதுதான்.

நான்காம் தடவை அவர் என்னிடம் வரவில்லை. அக்காவிடம் போனார்.

"கடிதம் தர்ற தோட்டத்து தொரை லீவுல இருக்காராம் மிஸ். திங்கக்கெழம புள்ள போகணும்."

"நீங்க உக்காரு அம்மா. நாங் பாக்குறேங்."

கவுண்டரை மூடிவிட்டுப் பழைய பதிவுப் புத்தகத்தைத் தேடிப் போனார். நாற்பது நிமிடம். அவருடைய வரிசை முழுவதும் என் பக்கம் திரும்பியது. திட்டு முழுவதும் எனக்கு.

திரும்பி வந்து என் காதருகே சொன்னார்: "நங்கி, தப்பு நம்ம புத்தகத்துல இல்ல. பாத்து எழுதுன நம்ம ஆளு தப்பு. கடிதம் தேவையில்ல."

அன்றைக்கே புதுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினார். நான் அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

பிறகு அந்தப் பயிற்சி வந்தது. பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள். மக்களை மையமாகக் கொண்ட ஊழியர்களை உருவாக்குவதாம். கொழும்பில் இருந்து வந்த சேர், எப்படிச் சிரிப்பது என்று காட்டினார். நாங்களும் சிரித்தோம்.

அக்கா எழுந்து, வரிசையில் நிற்கிறவர்கள் உட்கார நாலு வாங்கு போட முடியுமா என்று கேட்டார். நல்ல கருத்து என்று போர்டில் எழுதினார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு போர்டு அழிந்திருந்தது.

வாங்கு வரவில்லை. டோக்கன் மெஷின் வந்தது. யார் ஒரு நாளைக்கு எத்தனை பேரை முடிக்கிறார்கள் என்று மாதாமாதம் ஒட்டுவார்கள். கடைசிப் பெயர் எப்போதும் அக்காவுடையதுதான்.

அப்போது மேலிடத்தில் இருந்து எனக்கு ஒரு கடிதம். மூன்றாம் கவுண்டரின் தாமதத்தால் உங்கள் வேலை பாதிக்கப்படுகிறதா?

"ஆம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்யில்லை. களைத்துப் போயிருந்தேன்... அவ்வளவுதான்.

அடுத்த மாதம் அவரைக் கீழே ரெக்கார்ட் ரூமுக்கு மாற்றினார்கள். ஜன்னல் திறக்காத அறை, ஒரே தூசி. அவருக்கு ஏற்கெனவே இழுப்பு இருந்தது. இப்போது இதயம் என்கிறார்கள் டாக்டர்கள். எனக்குத் தெரியாது.

ஒரு பழைய ஃபைல் கேட்டுக் கீழே போனபோது அவரே சொன்னார்: "நங்கி, உங்க கடுதாசி இங்க வந்துச்சு. நாந்தான் ஃபைல் பண்ணேன்."

ஃபைல் நம்பர் எழுதிய துண்டை நீட்டினேன்.

"பரவால்ல. நாங் மேல இருந்தா உங்களுக்குத்தான் கஷ்டம். டீ குடிக்கிறீங்களா?"

குடித்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. இன்னும் இரண்டு வருடத்தில் பென்ஷன் போக இருந்தார். அதற்குள் ஒருநாள் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

இன்று பகல் ஹாலிஎலவுக்குப் போனேன். கேட் அருகே இரண்டு பெண்கள், உள்ளே வரத் தயங்கி நின்றார்கள். டவுனுக்கு வந்தவர்கள், ரோட்டோரப் பேனரில் அக்காவின் படத்தைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் இருந்து இறங்கியிருக்கிறார்கள்.

"உள்ள போலாமுங்களா மிஸ்?"

கூட்டிப்போனேன். அக்காவின் கணவர், இவர்கள் யார் என்று சிங்களத்தில் என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அவர்களிடமே கேட்டேன்.

"கவுண்டர்ல பழக்கம்னு சொல்லுங்க மிஸ்."

சொன்னேன். அவர் எழுந்து, இரண்டு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

அடக்கம் நாளை மூன்று மணிக்கு. ஆபீசில் இருவருக்குத்தான் லீவு, எனக்கு இல்லை. அதனால் இன்றைக்கே கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன், அக்கா.